சிவப்புக் கயிறு கட்டிய பாதை

அந்தக் காட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். காட்டைப் பராமரிப்பது அவர் வேலை. புதர் மண்டாமல் வெட்டுவார், குளத்துப் பாசியை வாருவார், பட்ட மரங்களில் எதை விட்டுவைக்கலாம், எதைச் சாய்க்கலாம் என்று முடிவு செய்வார். பாதையோரம் ஒரு பறவை கூடு கட்டிவிட்டால் போதும், குறுக்கே இடுப்பளவு உயரத்தில் சிவப்புக் கயிற்றைக் கட்டிவிடுவார். கயிற்றைப் பார்த்து யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து நுழைந்து, மூச்சுக் காட்டாமல் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். சுற்றிப் போக விட்டால் ஆளுக்கொரு பாதை போட்டு இருக்கிற புதரையெல்லாம் மிதித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை.

இதை எல்லோருக்கும் பழக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பேசிக்கொண்டே போனவர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார். மேலதிகாரியையே வெறுங்காலில் நடக்க வைத்திருக்கிறார். மனைவிக்கு மட்டும் எதையும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை சமையலறை ஜன்னலில் குருவி கூடு வைத்துவிட, குஞ்சு பறக்கிற வரைக்கும் அவள் மிக்ஸியைத் தொடவில்லை. "எல்லாருக்கும் மாமியார் கொடுமைன்னா எனக்குக் குருவி கொடுமை" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அம்மியில் அரைப்பாள்.

அவள் வேலை செய்த நாற்றுப்பண்ணைக்கும் குடியிருப்புக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் ஓரத்தில் பட்டுப்போன பெரிய மரம் ஒன்று பாதைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள் இருந்ததால், அவை பறக்கட்டும் என்று அவர் வெட்டுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். குஞ்சுகள் பறந்துவிட்டன. அதற்குள் மழை பெய்து மரத்தின் அடி ஊறிப் போயிருந்தது.

அன்று மனைவி வேலைக்குப் போன பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். வேரருகில் புதுசாக ஒரு வெடிப்பு, கை நுழைகிற அளவுக்கு. காற்றே இல்லை. ஆனாலும் மரம் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் இந்த வழியாகத்தான் திரும்பி வருவாள். அதற்குள் இதைச் சாய்த்தாக வேண்டும்.

ஒற்றையடிப் பாதையில் டிராக்டர் நுழையாது, அதனால் அதை ஓட்டும் மச்சானை மட்டும் அழைத்து வந்தார். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. மரத்தின் மேல்பகுதியில் வடம் கட்டி, பாதைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ரம்பம் போட ஓர் ஆள். ஆக இரண்டே பேர்.

"மாமா, பாதைல யாராவது வந்துட்டா? நான் வேணா போய் நிக்கட்டுமா?"

"நீ அங்க நின்னா வடத்த யாரு பிடிக்கிறது? ரெண்டு முனையிலயும் கயிறு கட்டிட்டேன். அதத் தாண்டி எவன் வருவான்?"

எவன் வருவானாம். கயிற்றைக் கண்டால் குனிந்து நுழை என்று ஊருக்கே பாடம் எடுத்த மனுஷன் பேசுகிற பேச்சு. அவசரத்தில் கைக்கு வந்தது அந்தச் சிவப்புக் கயிறுதான், அதையே கட்டினார். இதை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும். அவர் மனசில் அப்போது மரம் மட்டும்தான் இருந்தது.

பாதி அறுத்ததும் ரம்பத்தை நிறுத்தினார். விழப்போகிற மரம் எந்தப் பக்கம் முறிகிறது என்று காது கொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். காடே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் அடியில் படபடவென்று நார் தெறித்தது. அவர் நினைத்த பக்கம் இல்லை. ஊறிப் போன அடிமரம் திருகிக்கொண்டு பாதைப் பக்கம் திரும்பியது. மச்சானின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வடம் ஓடியது.

அந்த நேரம் பாதையில் அவள் வந்துகொண்டிருந்தாள். பண்ணையில் தண்ணீர் மோட்டார் பழுதாகி எல்லோரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டிருந்தார்கள். செருப்பு இரண்டும் ஒரு கையில். குனிந்த தலை. ஒரு சருகுகூட நொறுங்காதபடி அடிமேல் அடி வைத்து, மரத்துக்கு நேர் கீழே வந்துவிட்டாள்.

"ஓடு!" என்று கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். "ஓடுடி, ஓடு!"

அவள் திடுக்கிட்டு நின்றாள். புருஷனைப் பார்த்தாள். கயிறு கட்டிய இடத்தில் இந்த மனுஷனே இப்படிக் கத்தலாமா என்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். புருவத்தைச் சுளித்து, உதட்டின் மேல் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அதட்டினாள்.

மரம் அவள் மேல் விழுந்தது. கடைசியாக அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அந்த அதட்டல்தான்.