முந்நூறு வருடத்துப் பூட்டு

உலகத்தில் இதுவரை மூழ்கிய கப்பல்கள் அத்தனையும், என்றைக்காவது இந்தப் பூட்டுக்காரர் வந்து தங்களைக் கண்டுபிடிப்பார் என்ற தைரியத்தில்தான் மூழ்கின. அவர் தண்ணீருக்குள் தலையை விட்டால் சுறாக்கள் ஒதுங்கி வழிவிடும். அலை கொஞ்சம் நின்று, வருவது இவர்தானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். இனிமேல் மூழ்கப்போகிற கப்பல்கூட, ஆள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் மூழ்காது.

மற்ற நாட்களில் அவர் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடை என்றால் ஒரு மேஜை, சாவி வெட்டுகிற ஒரு மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பல் வெட்டாத சாவிகள், அவ்வளவுதான். ஆள் உள்ளே வந்தால் பூட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கடை தையல்காரருடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

விடுமுறை நாள் வந்தால் பூட்டுக்காரருக்குக் கடை தெரியாது, சோறு தெரியாது, கடல்தான். படகுக்காரர் ஒருவரைக் கிளப்பிக்கொண்டு, கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவார். மூன்று ஆள் ஆழத்தில், மணலில் பாதி புதைந்து, விலா எலும்பு மாதிரி சில மரச் சட்டங்கள் நின்றன. எல்லாவற்றின் மேலும் சிப்பி அப்பியிருந்தது. அங்கே தன் வலை மாட்டிக் கிழிந்தது என்று படகுக்காரர் ஒரு நாள் திட்டிக்கொண்டிருந்ததைப் பூட்டுக்காரர் கேட்டார், அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அது முந்நூறு வருடத்துக் கப்பல். யாரோ ஒரு ராஜாவுக்கு வெள்ளி கொண்டுபோனது.

“அதென்னய்யா கணக்கு, முந்நூறு?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரர் கேட்டார்.

“இருநூறுன்னா எனக்கு மனசு வரல. நானூறுன்னா நீ நம்ப மாட்ட.”

நாலைந்து வருடம் முங்கினார். ஒரு தடவை வெள்ளிக் காசு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எதையோ துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஊற வைத்துச் சுரண்டினால் சோடா மூடிகள். ஒரு ஆணியை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே இருக்கும் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். “இதுல மெஷின்ல வெட்டின மரை ஓடியிருக்குங்க. முந்நூறு வருஷமெல்லாம் இருக்காது. பேரோ, முத்திரையோ, ஏதாவது அடையாளம் உள்ள பொருள் கிடைச்சா கொண்டுவாங்க, கப்பல் எதுன்னு சொல்லிடலாம்” என்றார். பூட்டுக்காரர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கிடைத்த மற்ற சாமான்களைக் கடை அலமாரியில் அடுக்கி வைத்தார். எனாமல் உரிந்த ஒரு குவளையில் மட்டும் திருகாணிகளைப் போட்டு வைத்தார்.

அவருக்கு ஒரு அண்ணன். இருக்கிறாரா, இருந்தாரா என்பதுதான் அந்தக் குடும்பத்தில் பதினாறு வருடமாகத் தீராத வழக்கு.

அண்ணன் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலத்தில் படகு கிளம்பியது. அன்று மாலையே காற்று பேயாக அடித்தது. அண்ணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். முதலாளி, “படகு பத்திரமா அக்கரை சேர்ந்துடுச்சும்மா. அங்கேயே வித்துட்டேன். ஆளுங்க எல்லாம் இறங்கி அவங்கவங்க வழியில போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நாளில் ஆபீசைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போனார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் எந்த ஊரோ. கேட்க நாதியில்லை. படகு போய்ச் சேர்ந்தது என்று முதலாளி தன் வாயால் சொன்ன பிறகு அதைக் கடலடியில் தேட யாருக்குத் தோன்றும்? அண்ணன் அக்கரையில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டார் என்று தெருவே தீர்ப்பு எழுதியது. அண்ணியும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். கரண்ட் போனால், “உங்க அண்ணன் மாதிரியே சொல்லாமப் போயிடுச்சு” என்பார். குழாயில் தண்ணீர் வராவிட்டால், “அக்கரைக்குப் போயிருக்கும்” என்பார்.

அப்போது தவழ்ந்துகொண்டிருந்த பெண் இப்போது பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கும், மீதி நாள் அடுத்தவர் உயிரை வாங்கவும் போகிறாள். தையல்காரரின் கத்தரிக்கோலுக்குப் பூட்டுப் போட்டவள் அவள்தான்.

போன மாதம் கடல் ஒரு வாரம் கொந்தளித்து அடங்கியது. அடுத்த முறை பூட்டுக்காரர் முங்கியபோது மணல் இடம் மாறியிருந்தது. கப்பல் ஆடாமலிருக்க அடியில் அடுக்கும் கல் குவியலின் இடுக்கில், பச்சை பிடித்த ஒரு கட்டி இருந்தது. கைக்கு அடக்கம். ஆனால் கனம். கடைக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சுத்தியலால் பூப்போலத் தட்டினார். மேலோடு பிளந்து விழுந்தது. உள்ளே ஒரு பித்தளைப் பூட்டு.

“யோவ்! கப்பல்லேருந்து எனக்கே பூட்டு வந்திருக்குய்யா!”

“போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கு” என்றார் தையல்காரர்.

தறையாணிகளை எடுத்து முதுகுத் தகட்டைக் கழற்றினார். ஸ்பிரிங் துருவாகிக் கொட்டியது. மற்றதெல்லாம் பித்தளை, போட்டது போட்டபடி இருந்தது. அதைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“உள்தகட்டைத் திருப்பி மாட்டியிருக்கான்! சாவியை இடது பக்கம் திருப்பினாத்தான் திறக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு அரைவேக்காடு இருந்திருக்கான் பாருய்யா!”

தையல்காரரும் சிரித்தார். சிரித்து முடித்து, பதில் வரும் என்று காத்திருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த அரைவேக்காடு பூட்டுக்காரர்தான். தொழில் பழகிய புதிதில், அண்ணன் படகுக்குக் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டிக்காக அவர் தன் கையால் செய்த முதல் பூட்டு. தகட்டைத் தப்பாக மாட்டிவிட்டு, வெட்கப்பட்டு, திரும்பப் பிரிக்கப் போனார். அண்ணன் விடவில்லை. “இருக்கட்டும்டா. திருடன் வந்தா விடியிற வரைக்கும் வலது பக்கமே திருப்பிட்டுக் கிடப்பான்” என்று தூக்கிக்கொண்டு போனார். தகட்டு ஓரத்தில் அரம் வழுக்கிய கீறல்கூட அப்படியே இருந்தது. தன் கையெழுத்தை மறந்தாலும் தன் அரத்தின் கீறலை மறக்க முடியுமா?

“என்னய்யா, பேச்சையே காணோம்?”

“தொண்டை கட்டிடுச்சு” என்றார் பூட்டுக்காரர்.

அப்புறம்தான் அலமாரியைப் பார்த்தார். அந்தக் கரண்டி, உடைந்த தட்டு, திருகாணிக் குவளை. அதில் யார் டீ குடித்தது? இத்தனை வருடம் வெள்ளி வெள்ளி என்று அண்ணன் தலைக்கு மேலேயே நீந்திக்கொண்டிருந்திருக்கிறார். திருகாணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பாதி கீழே சிதறியது. குனிந்து பொறுக்கத் தோன்றவில்லை.

சொல்லிவிட்டால் அண்ணி புருஷனை இழந்தவர். சொல்லாவிட்டால் புருஷன் விட்டுவிட்டுப் போனவர். இரண்டில் எதை ஒரு மனுஷிக்குக் கொடுப்பது? அவருக்குத் தெரியவில்லை. புது ஸ்பிரிங் போட்டு, தகட்டை மூடி, பூட்டை அமுக்கிப் பூட்டினார். சாவியில்லாமல் திறப்பதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை, ஆனால் திறக்கப் பயமாக இருந்தது. கந்தல் துணியில் சுற்றிக் கருவிப் பைக்குள் தள்ளினார். அண்ணி வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை, “அண்ணி, ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்து, உப்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படி ஒரு ஆள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பிட்டால், எதிரே இருக்கும் பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா? அவர் கை கழுவ எழுந்த நேரம், பை அவள் மடியில் இருந்தது.

“அம்மா, இங்க பாரு! சித்தப்பாவுக்குப் புதையல் கிடைச்சிருக்கு! நமக்குப் பங்கு குடுக்காம அமுக்கப் பார்க்கறார்!”

“அதை வை!” என்று ஈரக் கையோடு ஓடிவந்தார் பூட்டுக்காரர்.

“முந்நூறு வருஷத்துப் பூட்டு! ராஜா பூட்டு! எங்கம்மா சாவி திறக்குதான்னு பார்ப்போமா?” அவள் மேஜையில் கிடந்த அண்ணியின் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடினாள். பீரோ சாவி, வாசல் சாவி, மருந்துக் கடை ஷட்டர் சாவி, ஒவ்வொன்றாகப் பூட்டில் குத்திப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி உள்ளே போனது. அவளுக்கே ஆச்சரியம். வலது பக்கம் திருப்பினாள். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினாள்.

“உடைச்சுத் தொலைக்காதடி. இங்க குடு” என்று அண்ணி அதை வாங்கினார். அவர் பார்வை பெண் மேல்தான் இருந்தது, வாய் திட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு, பழகிய வேலை மாதிரி, சாவியை இடது பக்கம் திருப்பியது.

டக்.

திட்டு பாதியில் நின்றது. அண்ணி குனிந்து தன் கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். பதினாறு வருடமாகக் கொத்தில் சும்மா தொங்கிய மாற்றுச் சாவி அது. ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

“தம்பி, இது எங்க கிடைச்சது?”

பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே தெரு, அதைத் தாண்டிச் சந்தை, அதைத் தாண்டிக் கடல்.

“உங்க கப்பல்லயா?”

“ஆமா அண்ணி.”

அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். “அவரோட மூணு சட்டையும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு” என்றார். “சட்டையில்லாமலா ஒரு மனுஷன் ஓடிப்போய் இன்னொரு கல்யாணம் பண்ணுவான்?”

அண்ணி பூட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்போ அவர் போகல.”

“அண்ணி...”

“எங்கயும் போகலைன்னு சொல்றேன் தம்பி. நான்தான் அவரை என்னென்னவோ பேசிட்டேன்.”

மறுநாள் பூட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஆள் அனுப்பித் தேடுகிறோம் என்றார்கள். திரும்பும் வழியில் அருங்காட்சியகத்துக்குள்ளும் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. “அடையாளம் ஏதாவது கிடைச்சதாங்க? கப்பல் எதுன்னு தெரிஞ்சதா?” என்று அந்த அம்மா உற்சாகமாகக் கேட்டார். “தெரிஞ்சதும்மா. எங்க அண்ணன் போன படகு” என்றார் பூட்டுக்காரர். அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். பெண் வரவில்லை. தலைவலி என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். அப்பா என்றால் அவளுக்குச் சுவரில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். அழுவதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டாமா? படகில் இவர்கள் இருவரும், பின்னால் படகுக்காரரும், முன்னால் வலையும் தார்ப்பாயும்தான்.

மணல் திட்டு வந்ததும் எஞ்சின் நின்றது. அண்ணி தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்தார்.

“அதோ, பச்சையா இருக்கே, அது நம்ம மாடித் தண்ணித் தொட்டிதானே?”

பூட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அதிர்ந்துபோனார். எத்தனையோ தடவை வந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கரைப் பக்கம் திரும்பியதில்லை. “ஆமா அண்ணி. அப்பவும் அதே தொட்டிதான்.”

“இவ்வளவு கிட்ட. நீந்தியே வந்திருக்கலாமே தம்பி? பெரிய நீச்சல்காரர்னு எங்கிட்ட அப்படிப் பீத்திக்குவாரே!”

பூட்டுக்காரர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அண்ணனுக்கு நீச்சல் தெரியாது அண்ணி. இடுப்பளவு தண்ணில இறங்கினாலே என் தோளைப் பிடிச்சுக்குவார்.”

“என்னது?”

“சொன்னா நீங்க பயந்து வேலைக்கு அனுப்ப மாட்டீங்கன்னு, உங்ககிட்ட மட்டும் பொய் சொல்லி வச்சிருந்தார். என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டார்.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பூட்டுக்காரர் பதறினார். அண்ணி சிரித்தார். “ஃப்ராடு மனுஷன்” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். “கட்டின பொண்டாட்டிகிட்டயே புளுகியிருக்கீங்க. மேல வாங்க, உங்களுக்கு இருக்கு.” சொன்ன பிறகுதான் அழுதார்.

இதுவரை எழுதிய தாள்களைப் பூட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டு போய், கடை வாசலில் நின்று முழுக்கப் படித்தார். திரும்பி வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்.

“ஏண்டி, இந்தப் பொண்ணு தலைவலின்னு வீட்ல படுத்திருந்தான்னு எழுதியிருக்கியே.”

“ஆமா சித்தப்பா. பாவம், நல்ல பொண்ணு.”

“நடுக்கடல்ல உங்கம்மா பேசினது, நான் பேசினது, ஒரு வார்த்தை பிசகாம இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்கம்மா செத்தாலும் சொல்ல மாட்டாங்க.”

“படகுக்காரர் சொன்னார்.”

“அவருக்கு இடி விழுந்தாலே காது கேக்காது.”

எழுதியவள் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

“திடீர்னு எழுந்து ‘பே’ன்னு கத்தி எங்களைப் பயமுறுத்தத்தானே உள்ள போய்ப் படுத்த?”

அவள் மேஜைக்கு அடியில் தேடினாள்.

“நானும் இத்தனை வருஷமா கடலுக்குப் போறேன்” என்றார் பூட்டுக்காரர். “ஒரு தார்ப்பாய் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுததை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.”