அம்மாவைச் சாகடித்த கட்டுரை

பள்ளிக்கூடமே ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்ட அந்த நெட்டைப் பெண்ணுக்குக் கல்லூரியிலிருந்து போன் வந்தபோது, அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு எதிரே நின்று ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லீவு நாட்களில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மடிக்க வருவது வழக்கம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

பேசியவர் சேர்க்கை அதிகாரி. விண்ணப்பக் கட்டுரைகளில் இரண்டு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன என்றார்.

"உங்களுதுல அம்மா பிழைச்சுக்கறாங்க. இன்னொண்ணுல செத்துப்போறாங்க. துக்கம் விசாரிக்கலாம்னு அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். அந்த அம்மாவே எடுத்துப் பேசறாங்க."

அது யார் வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டுரையை அவள் காட்டியது ஒரே ஒருத்திக்குத்தான். சுண்டுவுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. "எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலடி, ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிப் போனவள்.

கட்டுரையில் இருந்தது அம்மாவின் கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அழுக்குத் துணி பிரிக்கும்போது விரிப்பில் யாரோ விட்டுவைத்த ஊசி அம்மாவின் கட்டைவிரலில் ஏறிவிட்டது. எந்த நோயாளியுடைய ஊசி என்று தெரியாது. ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை. அப்படியெல்லாம் ஒட்டாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், அந்த ஆறு மாதமும் அம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டாள். மகளுக்குத் தலை பின்னக்கூட மாட்டேன் என்று விட்டாள். அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. "காலேஜ்காரங்க மட்டும்தான படிப்பாங்க?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எழுதவே விட்டாள்.

சுண்டு தட்டையும் எடுத்திருந்தாள், டம்ளரையும் எடுத்திருந்தாள். அதிகாரி போனில் வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க அவளுக்குத் தன் பல் துலக்கும் பிரஷ்ஷை யாரோ எடுத்துத் தேய்த்துவிட்டு ஈரத்தோடு திருப்பி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கற்பனையாக எழுதியதுதான் என்று சுண்டு அதிகாரியிடம் சொல்லிவிட்டாளாம். "அந்த ஊசி விஷயம் நிஜம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சான்று கொண்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு விண்ணப்பமும் தள்ளுபடி."

போனை வைத்து மகள் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாள். "நான் எப்படிச் செத்தேனாம்?"

"மழைல. எல்லாரும் குடை பிடிச்சுட்டு நின்னாங்களாம்."

"பரவால்ல, கூட்டம் வந்திருக்கு." சிரித்துக்கொண்டே போர்வையை உதறியவள், பாதியில் நிறுத்தினாள். "அந்தத் தட்டு விஷயம்? அதுவுமா?"

மகள் தலையாட்டினாள். அம்மா தன் பக்கத்து முனைகளைக் கீழே விட்டுவிட்டாள்.

சான்றுக்கு எங்கே போவது? ஊசி குத்தினால் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் எழுதியவர்களை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது அவர்கள் மேசையில் வேறொருத்தி நிற்பாள். அதனால் துணி பிரிக்கும் பெண்கள் யாரும் எழுதுவதில்லை. குழாயடியில் விரலைப் பிதுக்கிவிட்டு, கையுறைமேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அம்மாவும் அதைத்தான் செய்தாள். வெளியே பரிசோதித்த தாள்களையும், கடைசி முடிவு வந்த அன்றே கிழித்துப்போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகள் சுண்டுவின் வீட்டுக்குப் போனாள். சுண்டு கட்டிலில் சம்மணமிட்டு நகத்துக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தாள்.

"வா வா, ஒட்டடை. உக்காரு."

"ஒரு வரி எழுதிக் குடு. இது என்னோட கட்டுரைன்னு."

"எழுதினா என் சீட்டு போயிடும்டி. சேந்துதான் எழுதினோம்னு நீயும் சொல்லிடேன். ரெண்டு பேருக்கும் கிடைக்கும்ல."

"எங்க அம்மாவ ஏன் சாகடிச்ச?"

சுண்டு நகத்தை ஊதினாள். "அப்பதான் முடிவு நல்லா இருந்துச்சு. உன்னுது சப்புனு முடிஞ்சுது."

அந்த ஈர நகத்தைப் பார்த்தாள். அவளோடு இவ்வளவு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோமே என்று நினைத்ததும் வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேறு கல்லூரி பார்த்துக்கொள்கிறேன், அடுத்த வருடம் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் குத்துதா உனக்கு?" என்றார் அவர். "மறைச்சதுக்கு மேலிடத்துல விளக்கம் கேப்பாங்க. துணி பிரிக்கற மேசை கிடையாது உனக்கு. மூட்டை இறக்கப் போகணும். தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"எழுதுங்க சார்."

அறை வாசலில் சக வேலைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுதினார். எங்கெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாரோ அங்கெல்லாம் அம்மா போட்டாள். நகலில் முத்திரை குத்தி வாங்கி, உள்ளங்கையில் தேய்த்து நீவி மகளிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "உங்க விண்ணப்பம் அப்படியே இருக்கும். அந்தப் பொண்ணோடத எடுத்துடறோம்."

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. வெளியே நடைவழியில் சுண்டு பெஞ்சில் காத்திருந்தாள். முகத்தில் அழுத தடம்கூட இல்லை.

"ஜெயிச்சுட்டல்ல, விடு. எனக்கு வேற காலேஜ்ல பாத்துக்கறேன்னு அப்பா சொல்லிட்டார். கோவத்த மனசுல வெச்சுக்காத, என்ன?" கையைப் பிடித்தாள். "ஆமா, சான்று எப்படிக் கிடைச்சுது?"

அந்தக் கேள்வியில் வெறும் ஆர்வம் மட்டுமே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"எங்க அம்மா ஆபீஸ்ல போய்த் தலைகுனிஞ்சு நின்னு வாங்கினா. இன்னிலேர்ந்து மூட்டை தூக்கறா," என்றாள். "அதையும் எங்கயாவது எழுதிடாத."