அண்ணன் விட்டுவைத்த இடம்

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஹாலில், வயதானவர்களுக்கு இசை சிகிச்சை என்று வாராவாரம் நடத்துவார்கள். அங்கே என் அண்ணனை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பேச்சு அபூர்வம். சத்தம் ஆகாது, கருட சேவை அன்று மேளம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவிடுவார். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதே சமீபத்தில்தான். அதுவரை தெருவில் வைத்த பேர்களை எழுத மாட்டேன், எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

அப்போது எனக்கு இருதய ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாவுக்குக்கூட நான் பயப்படவில்லை. திரும்பி வராவிட்டால் இவரை யார் பார்ப்பது? என் மகள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் அவள் கையால் சோறு வைத்தால் இவர் தொடவே மாட்டார்.

பயிற்சி கொடுத்த பெண்ணிடம் இதைச் சொல்லி அழுதேன். “அவருக்குப் புடிச்ச சத்தம் எதுன்னு கண்டுபுடிச்சு பதிவு பண்ணி வெச்சிக்கலாம்மா. நாளைக்கு யாரு பாத்துக்கினாலும் உதவும்” என்றாள். கீபோர்டு, புல்லாங்குழல், பஜனைப் பாட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் திடீரென்று மேஜையில் டொக் டொக் என்று தட்டினார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி டொக் டொக், மறுபடி நிறுத்தம். “ஆரம்பிச்சு ஆரம்பிச்சு வுட்டுட்றாரேம்மா” என்றாள் அந்தப் பெண். எனக்குச் சட்டென்று புரிந்தது. அவர் எதையும் விடவில்லை, காத்திருக்கிறார்!

எங்கள் ஊரில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று பட்டு நெய்யும்போது தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான இழையை ஓட்டும் நாடாவை விட்டது அண்ணன்தான். இவர் நாடாவை டொக்கென்று ஓட்டிவிட்டுக் காத்திருப்பார். அப்பா இழையை நெருக்கும் பலகையை இழுத்து ஒரு அடி அடிப்பார். அதன் பிறகுதான் அடுத்த இழை. அப்பா போய் எத்தனையோ வருஷமாகிறது. அவருடைய அடிக்கு அண்ணன் இன்னும் இடம் விட்டு வைத்திருந்தார்.

நான் மேஜையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். உடனே டொக் டொக். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கை வலிக்கிற வரை இரண்டு பேரும் ‘நெய்தோம்’. அந்தப் பெண் எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்து கொடுத்தாள். அப்பாடா, இனி கவலையில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிய அன்று மகள் போனில் அழுதாள். “மாமா பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேன்றாரும்மா. நீ குடுத்தத போட்டா, போனைக் கவுத்து வெச்சிட்றாரு.”

படுத்தபடியே யோசித்தேன். அந்தப் பதிவில்தான் அவர் தட்டலும் என் அடியும் சேர்ந்தே இருக்கிறதே, அவர் தட்ட இடம் எங்கே, யாருக்குக் காத்திருப்பார்?

“போனைத் தூரப் போடும்மா. நீ பக்கத்துல குந்திக்கினு மேஜையில ஒரு அடி போடு. அவரு தட்டிட்டு நிறுத்துவாரு, அப்போ திரும்ப ஒண்ணு போடு” என்றேன்.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது. மகள்தான். “ரசம் சாதம் சாப்ட்டாரும்மா... என் கையால” என்றாள். நர்ஸ் திட்டத் திட்ட, தையல் வலிக்க வலிக்க அழுதேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் டொக் டொக் கேட்கும். கை துறுதுறுக்கும், ஆனாலும் நான் அடுப்படியிலேயே நின்றுகொள்வேன். கூடத்திலிருந்து மகளின் அடி விழும். நான் இல்லாத நாளிலும் அது விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.