கன்னத்தில் வைத்த தோசை

என் அண்ணன் மனைவி ஐரினுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. விசில் அடங்கும் முன்பே குக்கரைத் திறக்கப் போகிற ஆள். அவள் வேகமாகப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு எடுப்பதில் என்ன ஆச்சரியம்? செம்பட்டியில் பிறந்து, பி.எட். முடித்து, பள்ளிக்கூட வேலை கிடைக்காமல் அலுத்துப்போய், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி மாடியைப் பிடித்தாள். குரூப் தேர்வு எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். கூடமாட ஒத்தாசைக்கு நான்.

“உதடு அசையக் கூடாது. ஒத்த ஒத்த வார்த்தையா மெல்லாதீங்க, நாலு நாலா அள்ளுங்க. விரலை வரிக்குக் கீழ ஓட்டுங்க, கண்ணு கூடவே ஓடும். பக்கம் முடிஞ்சா புத்தகத்த மூடிட்டு, படிச்சத பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க. சொல்ல வரலையா, நீங்க படிக்கவே இல்ல” என்பாள். பலிக்கத்தான் செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

ஆட்களின் பெயரை நினைவில் வைக்க இன்னொரு வித்தை வைத்திருந்தாள். முகத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ, அதில் ஒரு கிறுக்குத்தனமான படத்தை மாட்ட வேண்டும். “எம்புட்டு கேலியா இருக்கோ, அம்புட்டு நாள் நிக்கும். ஆனா வெளிய சொல்லிறாதீங்க, உதை விழும்” என்று சிரிப்பாள்.

முனீஸ்வரி சின்னாளபட்டிக்காரி. நூல் மில்லில் ஷிப்ட் வேலை. சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டி இடது கன்னம் முழுக்க வெந்துபோன தழும்பு. வந்த புதிதில் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒடுங்கிக் கிடப்பாள். வாய்விட்டு முணுமுணுத்துத்தான் படிப்பாள். மதினி விடவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்து வரியின் கீழே ஓட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக முனீஸ்வரி முதல் பெஞ்சுக்கு வந்தாள். முந்தானை தோளிலேயே நின்றது. குரூப் நான்கு தேறிவிட்டால் மில்லை விட்டுவிடலாம் என்று அவளே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

போன மாதம் நத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவர்களுக்குப் பிடித்துப்போனால் வருடம் முழுக்க அங்கே வகுப்பு. மதினி முனீஸ்வரியையும் அழைத்துப் போனாள். அவளும் மைக்கைப் பிடித்து, தான் படிக்கிற விதத்தைச் சொன்னாள். அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தை மூடவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் மதினியின் முறை. பெற்றோர் ஒருவர் விடாமல் பெயரைக் கேட்டுக்கொண்டு, வரிசையாகத் திருப்பிச் சொன்னாள். ஒரே கைதட்டல்.

“எப்புடிம்மா இது? ஒரு ஆள வச்சு விளக்குங்களேன்” என்றார் ஒருவர்.

“உங்கள்ல யாரையாச்சும் சொன்னா சண்டைக்கு வந்துருவீங்க. நம்ம முனீஸ்வரியச் சொல்றேன், அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. மொத நாளே அந்தக் கன்னத்துல ஒரு கருகின தோசைய வச்சேன். தாடி வச்ச முனிவர் ஒருத்தர் அதப் பிச்சுத் திங்கிறாரு. முனீஸ்வரி! மறக்குமா?”

மண்டபமே சிரித்தது. முனீஸ்வரியும் சிரித்தாள் பாவம், வேறென்ன செய்வாள்? பிறகு அவள் கை மெல்ல முந்தானையை இழுத்தது. ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லித் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடப்பாவி மனுஷி, அதுகூட மதினிக்கு உறைக்கவில்லை! திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன மதினி, அந்தப் பிள்ளையப் போயி அப்படிச் சொல்லிட்டீங்க?” என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

“சொல்லிட்டேனா ரோசு? அம்புட்டுப் பேருக்கு முன்னாடியா?”

பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதம் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதினி போனை எடுக்கவே இல்லை. ஞாயிறு பூசையில் தலை நிமிரவில்லை. “என்னய நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு” என்று மாதா கோயில் வாசலில் நின்று அழுதாள். முனீஸ்வரி வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு சின்னாளபட்டிக்குக் கிளம்பினாள்.

முனீஸ்வரி தன் வீட்டுக்குள்ளேயே கன்னத்தை மூடிக்கொண்டுதான் இருந்தாள். உட்காரச் சொல்லி, காபி கொடுத்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன் முனீசு. மன்னிச்சிரு. வகுப்புக்கு வாடா” என்று மதினி அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்க டீச்சர். சின்னப் பிள்ளையிலருந்து கேக்காததா?”

“அப்பறம் ஏன் வரல?”

முனீஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். “கன்னத்த யாரு பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும் டீச்சர். நீங்க ஒருத்தர்தான் பாக்கலன்னு நெனச்சிட்டேன். தெனமும் எம்பேரச் சொல்றதுக்கு முன்னாடி அதத்தான பாத்திருக்கீங்க?”

மதினி தலை குனிந்தாள். அதுதான் உண்மை. இதோ, எதிரில் நிற்கிறவளைப் பார்க்கும்போதும் முதலில் தோசைதான் வருகிறது என்பது மதினியின் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

“பரீட்சைய எழுதிருவேன்” என்றாள் முனீஸ்வரி. “வீட்டுலருந்தே படிச்சுக்கிறேன்.”