சேர்ச் பீப்பாவும் நானா வீட்டுக் கூரையும்

எங்கள் வெள்ளவத்தைத் தேவாலயத்தில் அறுவடைப் பண்டிகை என்றால், சனிக்கிழமை மாலை எல்லோரும் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்குவோம். ஞாயிறு காலை அதைக் கொண்டுவந்து மேசையில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலத்தில் அதையே திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நாங்கள் தொடர்மாடிக்காரர். பல்கனியில் துணி காயப்போடவே இடம் போதாது. எதை விதைப்பது, எதை அறுப்பது?

சென்ற ஆண்டு போதகர் சுற்றாடலைப் பற்றிப் பிரசங்கித்தார். முதல் மனிதனைக் கடவுள் தோட்டத்தில் வைத்தது பழம் தின்பதற்கு மட்டுமல்ல, அதைப் பராமரிக்கவும்தான். பூமியைப் பார்த்துக்கொள்வது விசுவாசியின் பொழுதுபோக்கு அல்ல, கடமை என்றார். நான் வழக்கம்போல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாசலில் கைகொடுத்தவர், கையை விடாமலே என்னைச் சுற்றாடல் குழுவின் அமைப்பாளர் ஆக்கினார். குழுவின் மற்ற உறுப்பினர் என் மனைவி. அவரை யாரும் கேட்கவில்லை.

பீடத்துப் பூக்களும் தேநீர் நேரத்து வாழைப்பழத் தோல்களும் வாராவாரம் சொப்பிங் பைகளில் கட்டப்பட்டுக் குப்பை லொறிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் கூட்டெரு ஆக்கலாம் என்று, ஓட்டைகள் போட்ட கறுப்புப் பீப்பா ஒன்றை வாங்கிப் பின்மதிலோரம் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, வீட்டில தேயிலைச் சக்கையை எங்கை கொட்டுறதெண்டு தெரியாத ஆள், சேர்ச்சுக்குக் கொம்போஸ்ட் போடப்போறார்" என்றார் மனைவி.

உலர்ந்த இலை ஒரு அடுக்கு, ஈரக்கழிவு ஒரு அடுக்கு என்று முறையாகவே போட்டேன். மீன், இறைச்சி, சமைத்த உணவு போட வேண்டாம் என்று மூடியிலும் எழுதி ஒட்டினேன். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, இரண்டாம் பாட்டின் நடுவில், நாற்றம் உள்ளே வந்தது.

பீடத்துக்குப் பூ அடுக்கும் அன்ரி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி என்னிடம் வந்தார். "தம்பி, உள்ளுக்கை நாங்கள் பாட்டுப் பாடுறம். பின்னாலை என்னவோ செத்துக் கிடக்குது."

கையுறை போட்டுக் கிளறினேன். பெண்கள் ஐக்கியத்தின் தேநீர் விருந்தில் மிஞ்சிய, மாவுக்குள் மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் ஒரு தட்டளவு உள்ளே இருந்தது.

"நான்தான் போட்டனான்" என்றார் அன்ரி. "ஜெபம் பண்ணின சாப்பாடு. அதைக் குப்பைக்குள்ளையே எறியச் சொல்லுறீர்?"

"அன்ரி, மீன் போடக்கூடாதெண்டு மூடியில எழுதியிருக்கிறன்."

"அது மீன் இல்லை. பற்றிஸ்."

அந்நேரம் மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பின்வீட்டு முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் நானா. முன்பக்கம் ஹாட்வெயார் கடை, பின்பக்கம் குடும்பம். "தம்பி, கோவிக்காதீங்க. உங்கட சேர்ச்சில ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா? அடக்காம வெச்சீக்கீங்களா?"

சபைக் கூட்டத்தில் அன்ரி பிரேரணை கொண்டுவந்தார். அறுவடைப் பண்டிகைக்குள் அந்தப் பீப்பாவால் விளைந்த ஒன்றை நான் மேசையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பீப்பா லொறியில் போகும். ஏகமனதாக நிறைவேறியது. என் மனைவியும் கை உயர்த்தினார்.

பீப்பா போவதை நான் விரும்பவில்லை. அதற்குள் எனக்கு அதன் மூடியைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. கையை வைத்தால் சூடாக இருக்கும். போன மாதத்துப் பூமாலை இந்த மாதம் மண்ணாக இருக்கும். இத்தனை வயதில் குப்பை மண்ணாவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த எருவைப் போட்டுச் சாடிகளில் கத்தரியும் வெண்டியும் நட்டேன். கத்தரியை நத்தை தின்றது. வெண்டிக்கன்றுகளைக் காகங்கள் பிடுங்கி, தின்னாமல் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போயின. பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கையில் மனைவி கேட்டார்: "பீப்பாவுக்குப் பின்னாலை பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. நான் அங்கே எதையும் நடவில்லையே. பீப்பாவின் அடி ஓட்டையிலிருந்து ஒரு பூசணிக்கொடி புறப்பட்டு, மதில் ஏறி, அந்தப் பக்கம் போயிருந்தது. எங்கள் பக்கம் இலைகள் மட்டும். வாங்கு ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். நானா வீட்டுக் குசினியின் தகரக் கூரையில், கயிற்றுச் சும்மாட்டின் மேல், வெயில் படாமல் சாக்குத் துண்டு போர்த்திக்கொண்டு ஒரு பெரிய பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. பிரசங்கக் குறிப்பில் 'பராமரித்தல்' என்ற சொல்லுக்கு நான் இரண்டு கோடு போட்டிருந்தேன். அது எப்படியிருக்கும் என்பதை மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கண்டேன்.

"பாத்திட்டீங்களா தம்பி? நான்தான் சும்மாடு வெச்சன். தகரம் சுடும்தானே" என்றார் கீழே நின்ற நானா.

"நானா, இது எங்கட பீப்பாவில வந்த கொடி."

"வேர் உங்கட. வட்டக்கா எங்கட கூரையில ஈக்கி. பொஞ்சாதி அத ஆக்கத் தேங்காயும் வாங்கி வெச்சிட்டா."

பீப்பாவின் கதியை எடுத்துச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அந்த நாத்தம் புடிச்ச பீப்பாவுக்கா?"

"இப்ப நாறுறதில்லையே, நானா."

மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். "இல்லதான். சரி, மேசையில வெக்கத்தானே? கொண்டாறன்."

பண்டிகையன்று வெள்ளைத் தொப்பியுடன், காயைக் குழந்தைபோல் இரு கைகளாலும் அணைத்தபடி வந்தார். சந்தைக் கரட்டுகளுக்கு நடுவில் அதை வைத்துவிட்டுக் கடைசி வாங்கில் அமர்ந்தார். ஆராதனை முழுவதும் அவர் பார்வை அதை விட்டு அகலவில்லை.

ஏலம் தொடங்கியது. பூசணிக்காய் வந்ததும் முதல் கை அன்ரியுடையது. நானா எழுந்து என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி இது? வட்டக்காவ விக்கிறாங்களா?"

"அது வழக்கம், நானா."

"மேசையில வெக்கத்தான்னீங்க! இது இல்லாம நான் ஊட்டுக்குப் போக ஏலா!"

ஏலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவதைப் போல. "அப்ப நீங்களும் கேளுங்கோ" என்றேன்.

நானா கை உயர்த்தினார். அன்ரி திரும்பிப் பார்த்துவிட்டு விலையை இன்னும் உயர்த்தினார். "எங்கட சேர்ச் மண்ணில விளைஞ்சது. வெளியில போக விடமாட்டன்."

"அம்மா, அது வெளியிலதான் ஈந்திச்சி. இவ்வளவு நாளும் என்ட தலைக்கி மேல!"

சபை சிரித்தது. மனைவி என் காதருகே குனிந்தார். "நீங்கள் ஒண்டையும் முழுசாச் சொல்லமாட்டியளே?"

போதகர் குறுக்கே வந்து, இரண்டாக வெட்டலாம் என்றார். கேக் கத்தி தோலில் இறங்கவில்லை. நானா கடைக்கு ஓடிப்போய், மரம் அறுக்கும் புது வாள் ஒன்றை உறையோடு கொண்டுவந்தார். வாசற்படியில் அன்ரி காயை இறுக்கிப் பிடிக்க, நானா அறுத்தார்.

"அசையாமப் புடிங்க அம்மா."

"நான் அசையேல்லை. நீர் கோணலா அறுக்கிறீர்."

இருவர் கையிலும் பாதி பாதி வந்த பிறகு, பீப்பாவை என்ன செய்வது என்று போதகர் கேட்டார். அன்ரி தன் பாதியை வாசற்படியில் வைத்தார். விதைகளை வழித்துக் கைநிறைய அள்ளிக்கொண்டு பின்புறம் நடந்தார். நானும் பின்னால் போனேன். கைக்குட்டையை எடுக்காமலே மூடியைத் திறந்தார்.

நானா தன் பாதியோடு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மதிலுக்கு மேலே அவருடைய தலை வந்தது.

"அம்மா, இந்தப் பக்கமாப் போடுங்க."