எட்டரை மணி மழை

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பாலிகஞ்சில் ஆபீஸ், பெஹாலாவில் வீடு. மலைப்பக்கம் பெய்த மழை ஆற்றில் எப்போது, எவ்வளவு தண்ணீராக வரும் என்று கணக்கிட்டுக் கோடாக வரைவது என் வேலை. அந்தக் கோட்டின் உச்சி கரையைத் தாண்டாது என்று நான் சொன்னால், கரையோரத்து ஜனங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை என் கோட்டில் இரண்டு சின்ன மேடுகள் விழுந்தன. இரண்டுமே கரைக்குக் கீழே. ஆபத்தில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு வீடு வந்தேன். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே மழைக்கு எதற்கு இரண்டு மேடு?

ஞாயிறு காலை எட்டரைக்கு மொட்டைமாடிக்குப் போனேன். ஆபீசில் கழித்துப்போட்ட மழைமானி ஒன்றை அங்கே வைத்திருந்தேன். அளந்து நோட்டில் எழுதும்போது, காப்பியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நேத்து பேஞ்ச மழைய எதுக்கு இன்னைக்குத் தேதியில எழுதுறீங்க?”

“நேத்து எட்டரையிலேர்ந்து பேஞ்சத இன்னைக்குக் காலையில எட்டரைக்கு அளக்குறோம். அளக்குற நாள்தான் கணக்கு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“சொன்னாத்தானே தெரியும்.”

எனக்குச் சட்டென்று மலையடிவாரத்துப் பட்டியல் ஞாபகம் வந்தது. அங்கே மழை அளப்பவர் வேலைக்குப் புதியவர். அவர் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு எதிரே பெரிய மழை, சனிக்கிழமைக்கு எதிரே மழையில்லை என்று வெறும் கோடு. மற்ற எல்லா இடத்துப் பட்டியலிலும் அதே மழை சனிக்கிழமையில் இருந்தது.

காப்பியைத் தொடவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போய், வயர்லெஸ்ஸில் அவரைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை பெய்ததை வெள்ளிக்கிழமையில்தானே எழுத வேண்டும் என்றார், பொறுமையாக. நான் எரிந்து விழுந்தேன். அவருடைய மழையை ஒரு நாள் தள்ளிப் போட்டதும் இரண்டு மேடும் ஒன்றாகிக் கரைக்கு மேலே போய் நின்றது. உடனே செய்தியை மாற்றி அனுப்பினேன்.

திங்கட்கிழமை தண்ணீர் கரையைத் தாண்டியது. அதற்குள் ஜனங்கள் பள்ளிக்கூட மாடிக்குப் போயிருந்தார்கள். பெரிய அதிகாரி எல்லார் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, புதியவரிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதச் சொன்னார்.

அந்தப் புதியவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தவன் நான். மழைமானியை எங்கே வைப்பது, தண்ணீர் சிந்தாமல் எப்படி ஊற்றுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தேன். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெமோவில் கையெழுத்துப் போட்டபோதும் அதை யாரிடமும் சொல்லவில்லை.