வெறும் பெட்டியைச் சுமக்கும் சார்ஜெண்ட்

காலை ஏழு பத்துக்கு ஒரு மரப்பெட்டியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு கிடங்கிலிருந்து புறப்படுகிறார் சார்ஜெண்ட் இனோகே. கொடிமரத்தைச் சுற்றி, அலுவலக வாசலைக் கடந்து, சமையற்கூடம் வரை இருநூற்றுப் பத்துத் தப்படி. ஏழரைக்கு அதே பெட்டியோடு திரும்புகிறார். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

தீவுத் தலைநகர் சுவாவுக்கு வெளியே உள்ள இந்த இராணுவ முகாமின் பழைய கோப்புகளை அட்டவணைப்படுத்தும் வேலை எனக்கு. என் சன்னலுக்கு நேரேதான் அவருடைய நடை. முதல் வாரத்திலேயே குறித்துவைத்தேன்: பெட்டி, இரண்டு வாளி, சுருட்டிய கித்தான், ஒரு நாள் இரண்டு தர்பூசணி. வெறுங்கையோடு அவர் அந்த வாசலைக் கடந்ததே இல்லை.

விதி எளியது. தொப்பி அணிந்த வீரன் அதிகாரியைக் கண்டால் நேரே முகம் பார்த்துச் சல்யூட் வைக்க வேண்டும். இரு கைகளிலும் சுமை இருந்தால் தலையை மட்டும் அவர் பக்கம் லேசாகத் திருப்பினால் போதும். இதைப் புதியவர்களுக்குக் கற்பிப்பவரே இனோகேதான். மைதானத்தின் மறுகோடியில் அவர் குரல் எழும்பினால் ஈரப்பலா மரத்து மைனாக்கள் கலைந்து பறக்கும்.

“நீ சல்யூட் வைக்கிறது ஆளுக்கு இல்லடா! தோள்ல இருக்கிற நட்சத்திரத்துக்கு! நிக்கிறது உன் மாமியாரா இருந்தாலும் கை மேல போகணும்!”

மார்ச் மாதம், நான் இங்கு வருவதற்குச் சற்று முன், லெப்டினென்ட் வாசிதி மாற்றலாகி வந்தார். இனோகேயின் சித்தப்பா மகள். அவர்கள் ஊர் வழக்கில் பருவம் வந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை. பகை அன்று, உறவுகளில் மிக உயர்ந்த மரியாதை அது. கடைசியாக இருவரும் பேசிக்கொண்டபோது வாசிதிக்கு வயது பதினொன்று. இப்போது இருபத்தெட்டு.

அன்று முதல் இனோகே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கதவு கிறீச்சிட்டால் எழுவார், தேநீரை நின்றபடியே குடிப்பார், பாதிக் கோப்பையில் வெளியேறிவிடுவார். வாசிதியின் கையெழுத்து வேண்டுமென்றால் துண்டுச்சீட்டு எழுதி எழுத்தர் வழியாக அனுப்புவார். இருவர் மேசைகளுக்கும் இடையே பதினோரு தப்படி. கோப்பில் முப்பத்து நான்கு சீட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் வாசிதியின் பதில்: ‘சரி.’

சமையற்காரர் மெலி இனோகேவுக்கு மைத்துனர் முறை. கேலி செய்யும் உரிமை அவருக்குப் பிறப்பிலேயே வந்தது.

“என்ன மச்சான், பெட்டியில என்ன? உன் வீரமா?”

“உன் மரவள்ளிக் கிழங்கு மாதிரி உன் வாயும் வேகாமலே கிடக்கு. மூடு.”

“சுமந்து பழகிக்கோ. சினாய்ல மணல் மூட்டை நெறையாம்.”

“முதல்ல பட்டியல்ல பேர் நிக்கட்டும்.”

அமைதிப்படையோடு சினாய்க்குச் செல்லும் பட்டியலில் இருமுறை அவர் பெயர் விடுபட்டது. இம்முறை இருக்கிறது. அடுத்த பட்டியல் வருவதற்குள் அவர் வயது வரம்பைக் கடந்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொடிமரத்தடியில் சார்ஜெண்ட் மேஜர் எரோனி அவரை மறித்தார்.

“திற.”

இனோகே மூடியைத் திறந்தார்.

“காத்தை எங்க தூக்கிட்டுப் போற?”

“சார், அவங்க எனக்குத் தங்கச்சி. எங்க ஊர்ல...”

“எங்க ஊர்லயும் அதேதான். எங்க அக்காகிட்ட நான் பேசி முப்பது வருஷம் ஆச்சு. ஆனா அவ லெப்டினென்ட் ஆகலையே! நட்சத்திரத்துக்குத்தான் சல்யூட்னு தினமும் கத்துறது யாரு?”

இனோகே பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“வெள்ளிக்கிழமை அணிவகுப்பை நீதான் அவங்ககிட்ட ஒப்படைக்கிற. வாயைத் திறந்து. சீட்டு கீட்டு கிடையாது.”

“வேற யாரையாவது...”

“அப்ப சினாய்க்கும் வேற யாராவது போகட்டும்.”

புதனும் வியாழனும் அவர் பெட்டியின்றி நடந்தார். வாசல் பக்கம் போகாமல், கிடங்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே மட்டும். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பு வாரைத் தளர்த்தினார், இறுக்கினார். தொட்டியின் முன் நின்று அறிக்கை வாசகத்தை ஒப்பித்துப் பார்த்தார்.

“தொட்டி பதில் சொல்லிச்சா மச்சான்?” என்றார் மெலி. இனோகே முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை, நாற்பத்திரண்டு பேர் வரிசையில். இனோகே அணியிலிருந்து விலகி நடந்து, வாசிதிக்கு மூன்று தப்படி முன்னால் நின்றார். கை மேலே சென்றது. கண்கள் வாசிதியின் தொப்பிச் சின்னத்தில் நிலைத்தன. பின்வரிசையில் ஒருவர் இருமினார். நான் நான்கு விநாடி எண்ணினேன்.

“அணி தயார், மேடம்! நாற்பத்திரண்டு பேர் ஆஜர்!”

“நன்றி, சார்ஜெண்ட்,” என்றார் வாசிதி. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. எரோனி சினாய்ப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பெயரை அடிக்கப் பேனாவை எடுக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றியபின், இனோகே வாசிதியின் அறைச் சன்னலுக்குக் கீழே வந்தார். கஞ்சி மொடமொடக்கும் சீருடைச் சூலு என்ற வெள்ளை வேட்டியோடு ஈரப்புல்லில் சம்மணமிட்டு அமர்ந்து, தலை குனிந்து, உள்ளங்கைகளைக் குழித்து மூன்று முறை கனமாகத் தட்டினார். பிழை பொறுக்கக் கேட்பவர்கள் அங்கே தட்டும் தட்டு அது.

உள்ளே தட்டச்சு ஓசை நின்றது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. சன்னல் வழியே தெரிந்த வாசிதியின் தலை மெல்லக் கீழிறங்கி மறைந்தது. அவரும் அண்ணனுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.